கோப்பை கழுவாக் கோமகன் விதையெண் தேர்ந்த படலம்

சுழல்நாற்காலிச் சிங்காசனம் ஏறி, பிழைப்படை ஆயிரம் திரண்டு வந்தபோதும் கொட்டாவி ஒன்றே விட்ட கலங்கா நெஞ்சனே, எச்சில் கோப்பையைக் கண்டால் மட்டும் கால் பின்வாங்கும் கோமகனே, அலுவலகம் 'மூளைக்காரன்' என்றழைக்கும் நிரலாளனே, வாழி! உன் புகழ் பாடப் புகுந்தேன். உன் திருட்டுத்தனத்தையும் சேர்த்தே பாடுவேன், கோபித்துக்கொள்ளாதே.

எழுவர் பணிபுரியும் அவ்வலுவலகத்தில், மாலைதோறும் காபிக் கோப்பைகளைக் கழுவுவது யார் என்பதே ஓயாப் பெரும்போர். அடிக்காபி காய்ந்து, பிஸ்கட் ஊறிக் கிடக்கும் சிங்க் என்னும் செங்களம் கண்டு, தலைவலி என்று ஒருவரும் பஸ் போய்விடும் என்று ஒருவருமாகப் புறமுதுகிட்டோர் பலர். அன்று எழுந்தான் நம் கோமகன்.

"இனிமே மெஷின் சொல்லட்டும்! தினமும் குலுக்கிப் போட்டு ஒரு பேரை எடுக்கும். அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது!" என்று முழங்கினான். அவை கைதட்டியது.

அவை அறியாதது ஒன்று. கணினிக்கு உண்மையில் குலுக்கத் தெரியாது. விதையெண் என்று ஒன்றைக் கொடுத்தால், அதிலிருந்து கணக்குப் போட்டு, கலைந்தவைபோல் தோன்றும் எண்களை வரிசையாக உதிர்க்கும். அதே விதைக்கு என்றைக்கும் அதே வரிசைதான். ஆகவே நம் தந்திரத் திலகன் விதைகளை ஆயிரக்கணக்கில் இட்டுப் பார்த்து, மூன்று மாதத்துக்குத் தன் பெயரே தலைகாட்டாத ஒன்றைத் தேடிப் பிடித்து, தான் எழுதிய குலுக்கல் நிரலில் பதித்தான். அதற்கு ஒரு முழு வேலைநாள் பலியாயிற்று. கழுவியிருந்தால் கால்மணியில் முடிந்திருக்கும்.

கணக்காளர் கழுவினார், மேலாளரே கழுவினார். ஈரம் காணாக் கையன் அவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னான். அந்தோ! எட்டாமவராக ஒரு வரவேற்பாளர் வேலைக்குச் சேர்ந்தார். பட்டியலில் பெயர் ஒன்று கூடியதால் நிரல் முதலிலிருந்து ஓடியது. அதே விதை, அதே எண்கள்தான்; ஆனால் ஏழு பெயருக்குப் பங்கிட்டதை எட்டுக்குப் பங்கிட்டதும், விழும் பெயர் மாறிவிட்டது. திங்கள், மூளைக்காரன். செவ்வாய், மூளைக்காரன். புதனும் அவனே. பதறிப்போய் வரிசையைத் திறந்து பார்த்தால், அடுத்த வாரத்திலும் பாதி அவனுடையது.

விதையை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் ஓடும் நிரலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சோதனைப் பிரிவு அக்கா பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்பது அவ்வலுவலகத்து நெறி. புது விதையை இட்டு அவருக்கு அனுப்பினான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அக்காவே நேரில் வந்துவிட்டார்.

"தம்பி, இது என்ன நம்பர்?"

"சும்மா வச்சதுக்கா. ஏதோ ஒண்ணு."

"சும்மா வச்சதுன்னா எதுக்கு மாத்துற? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் மாலை போகும் என்னும் இருபெரும் படைகள் இருபுறமும் நெருக்க, மானமே பெரிதெனத் துணிந்த அம்மாவீரன், பல்லைக் கடித்து, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, குழாயின் பிடரியைப் பற்றித் திருகி, நுரைக்கடல் பொங்கச் செங்களம் புகுந்தான்.

எட்டுக் கப்பையும் கழுவி வைத்தான்.