வளரும் பிள்ளைக்கு விட்ட துணி

ஆவடி,
செவ்வாய்க்கிழமை.

இல்லை, பொருந்தவில்லை.

மன்னிக்கவும். முறையாக ஆரம்பிக்கிறேன்.

பெருமதிப்பிற்குரிய ஜெயசீலி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் நிஷா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், தையல் மிஷின் நால்வரும் இறைவன் அருளால் நலம். திருச்சியில் நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து "கவுன் பொருந்திச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு நீலக் கோடு மட்டும் உங்களுக்கு வந்திருக்கும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

முதலில் நான் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இவான் அண்ணனின் மகள் ஜெபிஷாவுக்கு எட்டு வயது. உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, அவள் கிறிஸ்துமஸ் அன்று என்னிடம் கேட்டது. ஷர்மிளா அண்ணி எடுத்த புதுப் பாவாடையை இடுப்பில் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இது எனக்கா? வளர்ந்த ஜெபிஷாவுக்கா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வளர்ந்த ஜெபிஷாகிட்ட நிறைய டிரஸ் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவளுக்கு எடுக்கும் எல்லாமே பெரிதாக எடுப்பது. அளவு சரியாகும்போது சாயம் போயிருக்கும். மற்றவை அண்ணியின் அக்கா மகள்கள் போட்டுக் கழித்தவை. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அந்தந்த நாளின் உடம்புக்கு உடுத்தியதே இல்லை. வரப்போகிற ஒருத்திக்கு ஹேங்கராக இருந்திருக்கிறாள்.

பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு அத்தைதான் உடுப்பு கொடுப்பது நம் வீட்டு வழக்கம். எனவே சொன்னேன்: "புதுநன்மைக்கு நான் தைக்கிறேன். அன்னிக்கு நீ எப்படி இருக்கியோ, அந்த அளவுக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"எது மேல?"

"மிஷின் மேல."

ஒத்துக்கொண்டாள்.

உங்கள் பார்சல் அந்த வாரம்தான் வந்தது. திருச்சி பழைய பேப்பர் கடையில் நீங்கள் எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் பேட்டர்ன் உறைகள். எல்லாம் குழந்தைகள் உடுப்பு. மாமா பிறப்பதற்கு முந்தியவை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு உறையில் எட்டு வயதுப் பெண்ணுக்கான வெள்ளைக் கவுன். வட்டக் காலர், பஃப் கை, பெல்ட். படத்திலிருந்த பெண் தோள் நேராக நின்றாள். அந்தக் கவுன் அவளுக்கு மட்டுமே. இரவல் கேட்க முடியாது.

உள்ளே மெல்லிய தாள். அச்சு எதுவும் இல்லை. துளைகள் மட்டும். அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பூச்சி அரிச்சிருக்கு, வெயில்ல போடு" என்றார். பூச்சி இல்லை. பெரிய துளை இருக்கும் ஓரத்தில் துணியை மடித்து வைக்க வேண்டும். சிறிய துளைகள் நூலோட்டத்தின் திசை. எம்.ஏ.யில் பிரதிகளின் மௌனம் பற்றிக் கட்டுரை எழுதியவள் நான். துளைகள் எனக்குப் பெரிய விஷயமில்லை.

மனிதர்கள்தான் பெரிய விஷயம்.

அண்ணியிடம் போனில் அளவு கேட்டேன். யூனிஃபார்ம் மேலேயே டேப்பை வைத்து எடுத்தார். "உடம்பு மேல வெச்சு எடுங்க அண்ணி" என்றேன். "எடுத்துட்டேன், எழுதிக்கோ" என்றார். அவர் சொன்ன மார்பளவு எனக்கே கொஞ்சம் தாராளமாகப் பட்டது. கேட்டேன்.

"வளர்ற பொண்ணு இல்லையா நிஷா."

"தேதி குறிச்சாச்சு அண்ணி. அதுக்குள்ள எவ்வளவு வளருவா?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. எங்க அக்கா பொண்ணு ஒரே லீவுல வளர்ந்துட்டா."

போட்டுப் பார்க்க ஒருமுறை கூட்டிவரச் சொன்னேன். கோயிலுக்கென்று தைக்கும் துணியைக் கோயிலுக்கு முன்னால் உடுத்தக் கூடாதாம். எந்தத் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. அண்ணியின் அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வெட்டுவதற்குப் பெரிய மேசை வேண்டும். பக்கத்துத் தெரு சரசாக்காவிடம் இருக்கிறது. முன்னறையில் ஓவர்லாக் மிஷின் போட்டு, தெருவிலுள்ள எல்லா ரவிக்கைக்கும் ஓரம் அடிப்பவர். துணியை விரித்து, நீங்கள் பிரவுன் தாளில் எடுத்தனுப்பிய நகலை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டேன். சரசாக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, புள்ளைய ஒட்டிகினு கீது? மூச்சு வுட வேணாவா?"

"பேட்டர்ன்லயே அளவு இருக்குக்கா."

"பேட்டர்னா சோறு துண்ணுது? புள்ளதான துண்ணுது?"

நல்ல கேள்வி. அப்பாவைத் துணைக்கு அழைத்தேன். டாங்கித் தொழிற்சாலையில் ஆயுள் முழுவதும் உதிரிப் பாகங்களை அளந்து, மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்பியவர். பாஸ்கல் சார் கையெழுத்துப் போட்டால் பொருந்தும் என்று பெயர். அவர் எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றி வந்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் சேத்தே வெட்டு."

"அப்பா, நீங்களா?"

"டாங்கி வளராதும்மா."

சரசாக்கா என்னை உள்ளே போய் டீ போட்டு வரச் சொன்னார். போட்டு வந்தேன். சாக்பீஸ் கோடு இடம் மாறியிருந்தது. இருவரும் ஓவர்லாக் மிஷினைப் பற்றி ஆழ்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. கத்தரியை எடுத்தேன். அது துணிக்குள் போகும்போது என் கையும் தானாகக் கொஞ்சம் வெளியே சாய்ந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதிரி பயம். குழந்தை வளர்ந்துவிட்டால்?

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. நான் அம்பத்தூரில் ஆபீஸில் இருந்தபோது கவுனின் அடி மடிப்பை அவிழ்த்து இறக்கித் தைத்திருக்கிறாள். முட்டி தெரிந்தால் பங்குச் சாமியார் என்ன நினைப்பார் என்று.

ஞாயிறு காலை பூந்தமல்லியில் இவான் அண்ணன் வீட்டுக்குப் போனோம். ஜெபிஷா கண்ணை மூடிக் கையைத் தூக்கி நின்றாள். கவுனை இறக்கினேன். தலை வெளியே வந்தது. கவுன் இறங்குவதை நிறுத்தவில்லை. காலர் தோளில் படுத்தது. பஃப் கை முழங்கையில் உப்பியது. பெல்ட் எங்கே நின்றது என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். "தேவதை மாதிரி இருக்கா" என்றாள் அம்மா. இவான் அண்ணன் கவுனின் கீழ் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, "மாடியிலருந்து குதிச்சாகூட மெதுவாத்தான் இறங்குவா" என்றார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மகிழ்ச்சி.

"நல்ல தாராளமா தைச்சிருக்க நிஷா. உறுதிபூசுதலுக்கும் இதுவே போதும்."

"அது எப்போம்மா?" என்றாள் ஜெபிஷா.

"இன்னும் நாலஞ்சு வருஷம்."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். மிஷின் மேல் செய்த சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம்.

முதுகுப் பக்கம் ஊக்கு குத்தினோம். வீட்டிலிருந்த எல்லா ஊக்கும். முன்னால் தேவதை, பின்னால் முள்ளம்பன்றி. கோயிலில் பிள்ளைகள் கைகூப்பி வரிசையாக நடக்க வேண்டும். கையைப் பிரித்தால் மறைக்கல்வி சிஸ்டர் முறைப்பார். கையைக் கூப்பினால் கவுனைப் பிடிக்க முடியாது, காலில் மிதிபடும். ஜெபிஷா இரண்டு முழங்கையாலும் கவுனை விலாவோடு இடுக்கிக்கொண்டு கைகூப்பி நடந்தாள். மற்ற பிள்ளைகள் நடந்தார்கள். இவள் மட்டும் எதையோ தூக்கிக்கொண்டு போனாள். சாமியார் குனிந்து அவளிடம் என்னவோ சொன்னார். ஆசீர்வாதம் என்று நினைத்து வெளியே வந்ததும் கேட்டேன்.

"பாத்து நட பாப்பான்னாரு."

அத்தை, இதோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன், ஆனா வெளிய வந்தா மத்த அம்மாங்க எல்லாம் சூழ்ந்துகிட்டாங்க, திட்டப் போறாங்கன்னு நினைச்சா ஒருத்தர் கவுனோட ஓரத்தைப் புரட்டி உள்பக்கம் பாக்குறாங்க, "எவ்வளவு துணி விட்டிருக்கீங்க, இந்தக் காலத்துல யாருங்க இப்படித் தைக்கிறாங்க, கடையில பிடிச்சுப் பிடிச்சு தைச்சுக் குடுக்கறான்"ங்கிறாங்க, இன்னொருத்தர் எங்க பொண்ணுக்கும் அடுத்த வருஷம் இதே மாதிரி வேணும், இதைவிடக் கொஞ்சம் சேத்தேங்கிறாங்க, அண்ணி என் பக்கத்துல நின்னு விருது வாங்கின மாதிரி தலையாட்டுறாங்க, என் பேர் பூந்தமல்லியில பரவுது, எதுக்கு, பொருந்தாததுக்கு, அத்தனை பேரும் தையலைப் பாக்குறாங்க, உள்ள ஒரு பொண்ணு நிக்குறாளேன்னு ஒருத்தரும் பாக்கல.

நிதானத்துக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குற்றவாளிகளைத் தேடினேன். அண்ணி, அப்பா, சரசாக்கா, அம்மா, நான். எல்லோருடையதையும் கழித்த பிறகும் கவுன் பெரிதாகவே இருந்தது. மெல்லிய தாள் கிழிந்துவிடும் என்று நீங்கள் அன்போடு பிரவுன் தாளில் நகல் எடுத்து அனுப்பினீர்களே, அதை வைத்துத்தான் வெட்டினேன். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பிரவுன் தாள் எல்லாப் பக்கமும் இரண்டு விரல் வெளியே நின்றது. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, அவளைப் பார்க்காமலேயே.

கோபம் இல்லை. இது கோபப்படும் விஷயமும் இல்லை. நம் வீட்டில் யாரும் யாரையும் இன்றைய அளவில் பார்ப்பதில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றிலும் கொஞ்சம் துணி விட்டு வைக்கிறோம். அதற்குப் பெயர் அன்பு. நான் மறுக்கவில்லை. ஆனால் இனி நான் தைப்பதாக இல்லை. கவுனை அண்ணி நாப்தலின் உருண்டை போட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். உங்கள் உறைகளை எல்லாம் பார்சல் கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அனுப்பிவைக்கிறேன். யாராவது வளராத பிள்ளை கிடைத்தால் கொடுங்கள்.

மாமாவின் காதுக்கும் உங்கள் முழங்காலுக்கும் அம்மா தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறாள். அப்பா உங்களைச் சத்தமில்லாமல் விசாரித்தார், எப்போதும் போல. தேவ அன்னை உங்கள் வீட்டை, உங்கள் அளவுக்கே, காக்கட்டும்.

என்றும் பணிவுள்ள அண்ணன் மகள்,
நிஷா

பி.கு. சனிக்கிழமை இரவு. பார்சலை நான் இன்னும் அனுப்பவில்லை.

இன்று காலை இவான் அண்ணன் ஜெபிஷாவை இங்கே இறக்கிவிட்டுப் போனார். ஸ்கூல் பையோடு வந்தாள். கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். அடியில் கவுன்.

"வெட்டுங்க அத்தை."

"பிடிச்சுத் தைக்கிறேன். அப்புறம் வேணும்னா பிரிச்சுக்கலாம்."

"பிரிக்க முடியாத மாதிரி."

பெட்டிக்கோட்டோடு நிற்கவைத்து அளவெடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொன்னேன். இந்த முறை மெல்லிய தாளை வைத்தேன். சரசாக்கா வீட்டு மேசையில் மிச்சத் துணி விழ விழ, அவர் "அய்ய, இவ்ளோ துணியையா வெட்டுவ? அடுத்த வர்சம் இன்னா பண்ணுவ?" என்று அலறினார்.

"அடுத்த வருஷம் போட மாட்டேன்" என்றாள் ஜெபிஷா. "இப்போ போடுவேன்."

சரசாக்கா அவளைப் பார்த்தார். உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்தார்.

போட்டுக்கொண்டு தெரு முனைவரை ஓடித் திரும்பினாள். எதையும் பிடித்துக்கொள்ளாமல்.

அந்தக் கவுனோடுதான் பஸ்ஸில் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனேன். அண்ணி கதவைத் திறந்தார். மகளை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். தோள் தையலைத் தொட்டார். உள்ளே விரல் நுழையவில்லை. திட்டுவார் என்று நின்றேன்.

"வெட்டின துணி எங்க?"

பையைக் கொடுத்தேன். எட்டிப் பார்த்தார்.

"இவ இவ்வளவு சின்னவளா?" என்றார். என்னிடம் இல்லை.

ஆகவே மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழைய பேப்பர் கடைக்காரரிடம் இன்னும் இருந்தால் அனுப்புங்கள். ஒன்பது வயதுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும், ஜெபிஷா கேட்டிருக்கிறாள். நகல் எடுக்க வேண்டாம். கிழிந்தாலும் பரவாயில்லை.

ஆவடிக்குத் திரும்பி வந்து பார்சலைப் பிரித்தேன். உறைகளை வயது வாரியாக அடுக்கி, அலமாரியில் வைத்தேன்.