புதன்கிழமை வெறும் வயிறு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உறுதி. ஆனால் அது புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்குத்தான் வரும். இப்போது ஞாயிறு. அதுவரை வாயை மூடி வைத்திருங்கள்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். இரண்டு நிமிடம் தாமதமாக வண்டி எடுக்கும் டிரைவரைப் பார்வையிலேயே வறுத்துவிடுவார். ஞாயிறு காலையில் வாரம் முழுவதையும் போனில் ஓர் ஆப்பில் ஏற்றுவார். நகம் வெட்டக்கூட அதில் நேரம் உண்டு. அதில் இல்லாவிட்டால் வீடே எரிந்தாலும் அசையமாட்டார்.

ஒரே ஒரு வரி மட்டும் விதிவிலக்கு. அப்பா கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. "மயக்க மருந்து குடுத்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கணும். தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர். ஞாயிறுதோறும் அப்பா கட்டைவிரலால் அந்தச் சோதனை வரியை வலப்பக்கம் தள்ளுவார். அது சத்தமில்லாமல் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். ஐந்து வாரம் போனது. பெரியப்பாவுக்கும் கழுத்தில்தான் ஆரம்பித்தது. இப்போது பெரியப்பா இல்லை.

"ஏங்க, காலர் பட்டன் போட வரல, பாத்தீங்களா?"

"சட்டை சுருங்கிருச்சு."

"எல்லாச் சட்டையுமா?"

"நீ துவைக்கிற துவைப்பு அப்படி."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அப்பா குளிக்கப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு மாமா குரல் வருமாடி?"

வருமாவா? டிப்போ மேனேஜரின் இருமலே எனக்கு வரும். மாமா அம்மாவின் தம்பி. பாவம், பொய் சொன்னால் அவருக்கு விக்கல் எடுக்கும். அதனால் அவர் வீட்டுக்குப் போய், அவர் போனை வாங்கி நானே பேசினேன்.

"அத்தான்... தொண்டைல ஒரு டெஸ்ட்டாம். புதன்கிழமை. பயமா இருக்கு. கூட வர்றீங்களா?"

"இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? வரேன் மாப்ள. ஆப்ல போட்டுட்டேன்."

அம்மாவின் போனிலும் அதே ஆப், அதே வாரம். அப்பா போட்ட வரிக்குக் கீழே அவள் ஒன்று சேர்த்தாள்: 'வெறும் வயிறு.'

"இது எதுக்கு?"

"அவன் பட்டினி கிடப்பான். பக்கத்துல நீங்க ஏப்பம் விட்டா நல்லாவா இருக்கும்?"

நியாயம்தான் என்றார். புதன் காலை டிக் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பாவும் மாமாவும். பின்பெஞ்சில் அம்மாவும் நானும்.

"தள்ளிப் போடக் கூடாது மாப்ள. தள்ளிப் போட்டுப் போட்டுத்தான் எங்க அண்ணன்..."

அப்பா நிறுத்திக்கொண்டார். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மாமா பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தார்.

"டேய், வெறும் வயிறுன்னாங்களே. உனக்குத்தான டெஸ்ட்டு?"

"ஆமா அத்தா..." விக்கல்.

அப்பா பன்னைப் பார்த்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார். போன் அதிர்ந்தது. 'ஒன்பதே முக்கால்: சட்டையைக் கழற்றவும்.' கட்டைவிரல் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் தள்ளியது. வரி போய்விட்டது. அதே வரி மறுபடி வந்தது. பின்பெஞ்சில் அம்மா தட்டிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அப்பா பெயரைக் கூப்பிட்டுப் பச்சை அங்கியை நீட்டினாள். அப்பா முதல் பட்டனில் கை வைத்தார்.

"பன்னுல பாதி மிச்சம் வைடா."