இரண்டாம் படத்தில் நின்ற காளி

பயந்தவன் ஓடுவது இயற்கை. தான் வரைந்த படத்துக்கே பயந்து, அதுவும் வேட்டியை வழியில் விட்டுவிட்டு ஓடியவன், எனக்குத் தெரிந்து தர்மபுரி மாவட்டத்தில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் தெரிவிக்கவும், சங்கம் வைக்கலாம்.)

அரூரில் எனக்கு ரேடியோ செட், சீரியல் லைட் கடை. கோயில் விழாக்களில் சாரம் கட்டி, புள்ளி புள்ளியாக பல்பு பதித்து, சாமி உருவம் அசைவதுபோல் காட்டுவார்களே, அந்த போர்டுக்குப் படம் போடுவதும் நான்தான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைத்து வரைய வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு பல்பு.

சித்தேரி மலைப்பாதையில் ஓர் ஊர். அந்த ஊர் விழாவுக்குப் பொறுப்பான பெரியசாமி அண்ணன் கடைக்கே வந்துவிட்டார்.

"போன வருசம் ஒருத்தர் போட்ட அம்மன் கண்ணடிச்சுதுங்க. ஊரே சிரிச்சுது. இந்த வருசமும் அம்மனப் பாத்துச் சிரிச்சாங்கன்னா, பொறுப்ப வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் நான் வெளிய தல காட்ட முடியாதுங்க."

"கவலையே படாதீங்கண்ணா. சாந்தமா இருக்கிற அம்மன் கண்ணு முன்னாடியே காளியா மாறும்" என்றேன். வாய் எனக்கு எப்போதும் முன்னால் போகும்.

படங்களை வரிசையாக மாற்றிக் காட்ட என்னிடமிருந்த பழைய கன்ட்ரோலர் கார்டில் நாலு படத்துக்கு மேல் நுழையாது. முதல் படம் சாந்த முகம். நாலாவது காளி. மூன்றாவது, போர்டு முழுக்க வெள்ளை மின்னல். இரண்டாவதில்தான் என் வித்தை. எல்லா பல்பையும் அணைத்துவிட்டு, சிவந்த கண்கள் இரண்டை மட்டும் எரியவிட்டேன்.

"முகம் மாறுறத நாம வரையத் தேவையில்லடா. கொஞ்சம் இருட்டக் குடுத்தா, பாக்கிறவன் மனசே மிச்சத்த வரைஞ்சுக்கும்" என்று மச்சான் முருகேசனுக்கு வகுப்பெடுத்தேன். மனைவியின் தம்பி, வண்டியும் ஜெனரேட்டரும் அவன் பொறுப்பு.

"யாராச்சும் பயந்து கியந்து போயிட்டா, மாமா?"

"பயப்படணும்டா. அதான் கலை."

விழா அன்று பொழுது சாயும்போதே மலையிலிருந்து பனி இறங்கிவிட்டது. போர்டைப் போட்டுப் பார்ப்பதற்குள் கரண்ட் போனது. "ஜெனரேட்டரப் போடு" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டு, நான் ஒதுங்கப் போனேன். (எனக்கு சுகர். அவசரம் சொல்லிக்கொண்டு வராது.)

திரும்பும்போது வழி தெரியவில்லை. பனி என் கால்களையே விழுங்கியிருந்தது. மேளம் நின்றிருந்தது. பூச்சிகூடக் கத்தவில்லை. கோயில் எதிரே, போர்டு என் முதுகுக்குப் பின்னால் என்ற நம்பிக்கையில் நடந்தேன்.

எதிரே இரண்டு கண்கள் திறந்தன.

சிவப்புக் கண்கள். மூன்று ஆள் உயரத்தில். கீழே உடம்பில்லை. கரடியோ என்று பார்த்தால், எந்தக் கரடியும் அவ்வளவு உயரம் நிற்காது. கண்கள் மெல்லச் சாய்ந்தன, நிமிர்ந்தன. 'ஆமாம், உன்னைத்தான்' என்பதுபோல. அப்புறம் எங்கிருந்தோ அடித்தொண்டை உறுமல், விட்டு விட்டு, மூச்சு வாங்குவதுபோல. நான் பார்க்கப் பார்க்க அந்தக் கண்களைச் சுற்றிச் சடை முளைத்தது. பல் முளைத்தது. ஒரு கை என் பக்கமாக நீண்டது.

ஓடினேன். முள்செடி வேட்டியைப் பிடித்து இழுத்தது. நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேன். பட்டாபட்டி டவுசரோடு கோயில் வாசலில், கூட்டத்துக்கு நடுவில் போய் விழுந்தேன்.

"அய்யோ, லைட்டுக்காரருக்கு சாமி வந்துருச்சு!"

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் இறங்கியது. பெரியசாமி அண்ணன் கைகூப்பினார். "தாயே, யாரு வந்திருக்கறதுன்னு சொல்லு."

"கண்ணு... அங்க... கண்ணு..." பல் தந்தியடிக்க, வந்த வழியைக் காட்டினேன்.

ஊரே திரும்பியது. பனிக்குள் அதே கண்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, தானாகவே நிறுத்திக்கொண்டது.

பளீரென்று வெள்ளை மின்னல். அடுத்த நொடி, நாக்கை நீட்டியபடி காளி.

குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பெரியசாமி அண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். நான் விழுந்த இடத்திலேயே கிடந்தேன். அது என் போர்டு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

முருகேசன் மூச்சிரைக்க வந்தான். "மாமா, ஜெனரேட்டர் உறுமி உறுமி முக்குச்சு. கார்டு எடுத்ததுமே ரெண்டாவது படத்துல போய் நின்னு போச்சு. சாரம் வேற காத்துல ஆடுது..." என்றவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வேட்டி எங்க மாமா?"

ஊர் அந்த வருடமும் சிரித்தது. ஆனால், அம்மனைப் பார்த்து அல்ல. அதனால் பெரியசாமி அண்ணன்தான் இன்றுவரை பொறுப்பில் இருக்கிறார். ஒவ்வொரு விழாவுக்கும் போன் செய்வார். "அந்தக் கண்ணு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுங்க. அப்புறம், கையோட இன்னொரு வேட்டி எடுத்துட்டு வந்துருங்க."

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், காபி ஆறுவதற்குள் என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"அம்மனக் காளியா மாத்த இவருக்கு நாலு படம் வேண்டியிருந்துச்சுங்க. இவர மாத்த ஒண்ணே போதுமாயிருந்துச்சு."