ருக்குவின் பல்லும் என் ஆட்சேபணையும்

அரசாங்க ஊழியனின் குழந்தைக்கும் பல் வலிக்கலாம் என்பதை எங்கள் ஆபீஸ் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டிருந்தது. அதற்காக ஆபீஸ் ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெஷினும் வந்தது. நிரந்தரப் பல்லுக்கு மட்டும் படம் எடுக்கலாம். எப்படியும் விழப்போகிற பால் பல்லுக்குக் கிடையாது. அனுமதி கொடுக்குமுன் ஆட்சேபணை கிளப்புவது வேங்கடசுப்ரமணியனாகிய என் வேலை.

மாட்டுங்காவில் போன வருஷம் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்தது. இந்த வருஷம் குழந்தைகளின் பல் எக்ஸ்ரே. வந்தவர்களுக்கு அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டாத வீடு ஒரு வீடா? அந்தச் சமயம் பார்த்து என் பெண் ருக்குவுக்குக் கன்னம் வீங்கியது.

"ஏன்னா, கொழந்தைக்குத் தயிர்சாதம்கூட எறங்கமாட்டேங்கறது. ஒங்க ஆபீஸ்லதானே மெஷின் இருக்கு?" என்றாள் என் மனைவி தைலா.

மனு கொடுத்தேன். அது வழக்கம்போல என் மேஜைக்கே வந்தது. சொந்தப் பெண் என்று பார்த்தால் நியாயம் என்னாவது? 'இது பால் பல்லா, நிரந்தரப் பல்லா?' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் போனில் கத்தினார். "அரே பாபா, எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்!"

"தெரிந்தால்தான் எக்ஸ்ரே, டாக்டர் சாப்."

சூப்பரின்டென்ட் பட்வர்தன் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் பூரித்துப்போய் லோக்கல் ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னேன். ருக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

கடைசியில் அவளே நாக்கால் ஆட்டி ஆட்டிப் பல்லைப் பிடுங்கிவிட்டாள். அதைப் பொட்டலமாகக் கட்டி ஆபீசுக்குக் கொண்டு போனேன்.

"பால் பல்தான்" என்றார் டாக்டர்.

"வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆயிற்றா? ஆதாரம் வேண்டாமா?" என்றேன்.

அன்றைக்கே அனுமதி கிடைத்தது: மேற்படி பல்லை மட்டும் படம் எடுக்கலாம், குழந்தை நேரில் ஆஜராகத் தேவையில்லை. கடைசி வரி நானே சேர்த்தது.

எங்கள் வீட்டு ஜன்னலிலும் எக்ஸ்ரே ஏறியது. வாய் குறுக்கே இல்லாததால் படம் வெகு தெளிவு. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

நேற்று சமையலறையில் ருக்குவின் குரல் கேட்டது.

"அம்மா, பக்கத்துப் பல்லும் வலிக்கறதும்மா. அப்பாகிட்ட சொல்லிடாதே. கேள்வி கேப்பா."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

எனக்கும் ஒரு கடைவாய்ப் பல் கொஞ்ச நாளாக வலிக்கிறது. ஆபீசில் மூச்சு விடவில்லை. மனு என் மேஜைக்குத்தான் வரும். என்னை எனக்குத் தெரியாதா?