இடைவேளையில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

யாராவது இருமினால் போதும், என் கை தானாகவே செம்பைத் தேடும். கலியாணமான புதிதில் இதை ஒரு நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் கணவரின் தமையன், பெரியத்தான், பரந்தன் சந்தியில் ஒரு தகரக் கொட்டகையில் படம் ஓட்டி வந்தார். தீபாவளிக்குப் புதுப் படம் வாடகைக்கு எடுக்க முற்பணம் சேருமா என்ற கவலையில் அவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு, பத்து மாதக் குழந்தையின் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நானும் போனேன். (பஞ்சு உள்ளுக்குப் போயிடுமோ எண்டதிலேயே பாதிப் படம் போச்சு.) இடைவேளையில் பெரியத்தானின் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், வறுத்து விற்ற கடலையை வாயில் போட்டேன். ஒரே உப்பும் மிளகாய்த்தூளும். கொட்டகை முழுவதும் இருமியது.

பாவம், அக்காவுக்குக் கை தவறிவிட்டது. சொன்னால் மனம் நோவார். சொல்லாமல் விட்டால் குடும்ப மானம் போய்விடும். வீடு வரும்வரை யோசித்தேன். மறுநாள் இரண்டு குடம் மோர் கரைத்து, கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டு, கொட்டகை வாசலில் தண்ணீர்ப்பந்தலே வைத்துவிட்டேன். எல்லாம் இனாம். முள்ளியவளையிலிருந்து வந்த ஒருவர் மூன்று பேணி குடித்துவிட்டு என் குழந்தையை ஆசீர்வதித்தார். பக்கத்தில் சோடாப் பெட்டிகள் அப்படியே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பெரியத்தான் கவனித்தார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

அக்காவுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னேன். "கடலையில உப்பும் தூளும் கூடிப்போச்சு, பெரியத்தான்."

"கூடேல்லைப் பிள்ளை. கூட்டினது." சால்வையால் முகத்தைத் துடைத்தார். "டிக்கற் காசு படக்காரனுக்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் சரி. நாங்கள் சீவிக்கிறது சோடாவில."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இனி அந்தச் சந்திப் பக்கமே போவதில்லை என்றிருந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை சனம் கையில் பேணியோடு வந்து நின்றதாம். மோர் இல்லையென்றால் படமும் வேண்டாமாம். பெரியத்தானே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மோரைக் கரையும். உப்பும் மிளகாயும் நான் போடுறன்."

அன்று இடைவேளை முடியுமுன் சோடா முடிந்தது. தீபாவளிக்குப் படமும் வந்தது.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் நான் நீட்டும் பேணியை உடனே வாங்குவதில்லை. "இது வீட்டு மோரோ, தியேட்டர் மோரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள். என் கணவர், நான் பதில் சொன்ன பிறகும் மூக்கருகே வைத்து மணந்து பார்க்கிறார்.