பெண் பார்க்கப் போன ஈறு

நாற்பதைத் தாண்டிய பிறகு அழகாக ஆசைப்படுகிறவர்கள், அதை வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நான் சொல்லாமல் செய்தேன். என் தம்பி செல்வத்தின் கல்யாணம் மயிரிழையில் தப்பியது.

நான் சிரித்தால் பல்லைவிட ஈறுதான் அதிகம் தெரியும். என் கல்யாண ஆல்பம் முழுக்க ஈறு. (நடுநடுவே என் வீட்டுக்காரரும் இருக்கிறார்.) தம்பியின் ஆல்பத்திலாவது மனுஷியாகத் தெரியலாம் என்று, வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்த சமயம், ராஜபாளையத்தில் ஒரு பல் டாக்டரிடம் போய் மேல் ஈறைக் கொஞ்சம் வெட்டிச் சீராக்கிக்கொண்டேன். காயத்தின் மேல் ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை அப்பிவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "ஒரு வாரத்துக்குச் சூடா எதுவும் சாப்பிடாதீங்க. வாயை விரிச்சுச் சிரிக்கவும் கூடாது."

ஒரு வாரம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தெம்பாக வந்தேன். அன்று சாயங்காலமே அம்மா வந்து நின்றாள்.

"ஏட்டி, நாளைக்கே பொண்ணு பாக்க வரச் சொல்லிட்டாக. நீதான் முன்ன நிக்கணும்."

அப்பா இல்லாத வீட்டில் மூத்த மகளின் முகம்தான் தீர்ப்பு. போதாக்குறைக்கு எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டு இனிப்பை வாயில் போட்டால் சம்மதம். தட்டைத் தொடாமல் எழுந்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பெண்ணின் அப்பாவோ ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். செல்வமோ அந்தப் பெண் கோதையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சோறு தண்ணி மறந்து திரிந்தான்.

காரில் போகும்போது அம்மா கேட்டாள். "மூஞ்சிய ஏன்டி உம்முன்னு வச்சிருக்க?" வாயைத் திறந்தால் ரோஸ் மாவு தெரியும். "ம்" என்றேன்.

உட்கார்ந்ததும் கோதையின் அப்பா சட்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிய பால்கோவாவை, ஆவி பறக்க, முதல் தட்டாக என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீங்க எடுங்க தாயி."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். வாய் தெரிந்துவிடுமோ என்று முந்தானையால் வேறு மூடிக்கொண்டேன். (அதுதான் வினை.) அவர் முகம் செத்துப்போனது. தட்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"பாலு வாடை அடிக்கா தாயி? காலையில கறந்ததுதான்."

இல்லை என்று கையை ஆட்டினேன். அதையும் பெண் வேண்டாம் என்பதாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். கூடத்தில் ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை. கதவோரம் காப்பித் தட்டோடு நின்ற கோதையின் கண் கலங்கிவிட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். செல்வத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டான்.

"அக்கா, பொண்ணப் பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லு. அவிய பால்கோவா என்ன பாவம் செஞ்சுச்சு? எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும். நீ திங்காட்டி போ, அம்புட்டையும் நானே திங்கேன்!"

சொன்னபடியே கொதிக்கக் கொதிக்க ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் கூடத்தைச் சுற்றிக் குதித்தான். எனக்குத் தம்பியை நினைத்தால் அழுகை வந்தது. வெளியே வந்ததென்னவோ சிரிப்பு. டாக்டரம்மா தடுத்த அதே சிரிப்பு. ரோஸ் மாவு கழன்று பால்கோவா தட்டில் பொத்தென்று விழுந்தது.

கோதையின் அப்பா குனிந்து பார்த்தார்.

"சத்தியமா இது எங்க சரக்கு இல்லம்மா!"

வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூடமே சிரித்தது. அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். கோதை உள்ளே போய் ஆறிய பால்கோவாவும் ஸ்பூனும் கொண்டுவந்தாள்.

"ஓரமா வச்சு முழுங்குங்க மைனி." அவள் நாத்தனார் முறை வைத்து என்னை மைனி என்றதுமே செல்வம் வாய் வெந்ததை மறந்துவிட்டான்.

கல்யாண ஆல்பத்தில் நான் அளவாக, அழகாகச் சிரித்திருக்கிறேன். அதை ஒருத்தரும் பார்ப்பதில்லை. நான் இருக்கும் பக்கம் வந்தாலே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்போது கோதையின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு நல்ல இடத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் கோதையின் அப்பா கேட்டார்:

"ஜாதகத்தப் பொறவு பாத்துக்கிடுவோம். மொதல்ல இதச் சொல்லுங்க, உங்க வீட்டுல யாராச்சும் ஈறு வெட்டிருக்காகளா?"