பதினொரு பூக்கோவுக்குப் பூசை

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அதில் ஒரே ஒரு முறை நான் என் மனைவி வசந்தமலரை வென்றிருக்கிறேன். சத்தியமாக வென்றேன். அந்த வெற்றி இருபது மணித்தியாலம் நீடித்தது. ஒஸ்லோவில் எங்கள் பகுதியான புருசெத்தில் இருக்கிற கணவன்மாரைக் கேட்டுப் பாருங்கள். இருபது மணித்தியாலம் என்பது ஒரு ராச்சியம்.

விஷயம் கத்தி. பயப்படாதீர்கள், வெட்டுக்குத்து ஒன்றும் இல்லை. ஒஸ்லோவில் பஸ் ஓட்டுவது என் தொழில். பின்லாந்துக் கத்தி சேர்ப்பது என் பைத்தியம். கையால் அடித்துச் செய்கிற கத்தி, பூக்கோ என்று பெயர். முதல் கத்தி வாங்கி வந்த அன்று வாசலில் நின்றே, "மலர், பூக்கோ வாங்கியந்திருக்கிறன்" என்றேன். பூவாக்கும் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தவள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்று நாள் வீடு அமைதியாக இருந்ததால் இன்னும் பத்துக் கத்தி வாங்கினேன்.

பதினொன்றும் பதினொரு பேர் செய்தவை. ஒருவர் பிடிக்கு எடுக்கிற மரத்தில் ரேகை சுருள் சுருளாக ஓடும். இன்னொருவர் உறைத் தோலை ஈரத்தோடு இழுத்துத் தைப்பார். காய்ந்த பிறகு கத்தி உள்ளே போகும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது இன்னாருடைய கை என்று சொல்லிவிடுவேன். சொந்த மகளின் கையெழுத்தை மட்டும் எனக்கு அடையாளம் தெரியாது என்பது மலரின் குற்றச்சாட்டு. அது வேறு வழக்கு.

பதினொன்றிலும் மகாராணி, ஹில்க்கா என்ற பெண் செய்த கத்தி. பேர்ச் மரப்பட்டையை வில்லை வில்லையாக வெட்டி, அடுக்கி, இறுக்கிப் பிடி செய்வாள். ஜனவரிக் குளிரிலும் பிடித்தால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் ஹில்க்கா லேசுப்பட்டவள் இல்லை. வருஷத்துக்குப் பன்னிரண்டு கத்திதான் செய்வாள். யாருக்குக் கொடுப்பது என்று அவளேதான் தீர்மானிப்பாள். இரண்டாவது கத்தி வேண்டுமென்றால் முதல் கத்தியைப் படம் எடுத்து அனுப்பவேண்டும். கலைமான் கொம்பில் பிடி போட்ட கத்தி ஒன்றுக்கு நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். நீல வெல்வெட் துணியில் மகாராணியைக் கிடத்தி, தூசி தட்டி, படம் எடுத்து அனுப்பினேன். 'மிகவும் சுத்தமாக இருக்கிறது. யோசிக்கிறேன்' என்று பதில் வந்தது. ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி நான் தவம் கிடந்த நேரத்தில், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நவராத்திரி வந்தது.

"இஞ்சாருங்கோ, அந்தக் கண்ணாடி அலுமாரி எனக்கு வேணும்" என்றாள் மலர். "கும்பம் வைக்கப்போறன். உங்கடை கத்தியளைக் கீழை நிலவறையிலை கொண்டுபோய் வையுங்கோ."

"நிலவறையிலை ஈரம், மலர். அது கார்பன் உருக்கு. ரெண்டு கிழமையிலை கறள் பிடிச்சிடும்."

"வெட்டாத கத்தி கறள் பிடிச்சால் என்ன, பிடிக்காட்டி என்ன?"

"அது வெட்டுறதுக்கில்லை. பார்த்து ரசிக்கிறதுக்கு."

"ரசிக்கிறதுக்குத்தானே வீட்டிலை நான் இருக்கிறன்."

இதற்கு என்ன பதில் சொன்னாலும் ஆபத்து. இருமினேன்.

"எனக்கு ஒரு நாள், ஒரேயொரு நாள், அந்தக் கத்தியாலை ஒரு தேசிக்காய் வெட்டித் தந்திருப்பியளோ?"

"தேசிக்காயோ? புளி பட்டால் அந்த நிமிஷமே கறுத்துப்போகும்."

"வேலையும் செய்யாது, தண்ணியும் படக்கூடாது, துடைச்சுத் துடைச்சு வைக்கோணும். அது கத்தியில்லையப்பா, மாப்பிள்ளை. பதினொரு மாப்பிள்ளையை வீட்டிலை வைச்சுச் சீராட்டுறியள். அங்கை நாங்கள் விழா வைக்கிற மண்டபத்துக் குசினியிலை இருக்கிற கத்தி வெண்ணெயையும் வெட்டாது. போன வருஷம் வாணி விழாச் சமையலுக்குச் சிவகாமி அக்கா பூசணிக்காயை நிலத்திலை போட்டு உடைச்சவ. இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நூற்றைம்பது பேருக்குச் சமைக்கோணும். சனிக்கிழமைக்குள்ளை அலுமாரி எனக்குக் காலியா வேணும்."

வழக்கு முடிந்தது. தீர்ப்பு வந்துவிட்டது. நான் லிஃப்டில் ஏறி இறங்கி யோசித்தேன். எங்கள் வீட்டில் எனக்கென்று இருக்கிற தனியறை அதுதான்.

அங்கேதான் ரங்கராஜனைக் கண்டேன். மேல்மாடிக்காரர், தமிழ்நாட்டு ஆள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கையில் சந்தனப் பாக்கெட்டும் ஊதுபத்தியும் வைத்திருந்தார்.

"ஆயுத பூஜைக்கு சார். எங்க வீட்ல லேப்டாப்பத்தான் வெச்சுக் கும்பிடுவோம்."

"லேப்டாப்பையோ?"

"நமக்குச் சோறு போடுறது அதுதானே. பொட்டு வெச்சுப் பூஜையில ஏத்திட்டா அப்புறம் யாரும் தொடக்கூடாது."

"யாரும் எண்டால்? மனிசியும்?"

"வேதவல்லி கிட்டயே வர மாட்டா சார். சாமி குத்தம் ஆயிடும்ல."

எனக்குள் ஏதோ எரிந்தது. மூளை என்று நினைக்கிறேன். யாரும் தொடக்கூடாது. நாலாம் மாடியில் இறங்கவேண்டியவன், அந்த மகிழ்ச்சியில் ஏழாம் மாடிவரை அவரோடு போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"மலர், ஒண்டு கேக்கிறன். போன வருஷம் ஆயுத பூசைக்கு என்ன ஆயுதம் வைச்சனீர்?"

"கத்தரிக்கோல்."

"பிறகு?"

"அகப்பை."

"பதினொரு அசல் ஆயுதத்தை அலுமாரியிலை வைச்சுக்கொண்டு, துர்க்கைக்கு அகப்பையைக் காட்டியிருக்கிறீர். அம்மாள் என்ன நினைச்சிருப்பா? இந்த முறை கும்பத்துக்குக் கீழ்த்தட்டிலை என்ரை கத்தியளை வையும். அலுமாரி உமக்கு, பூசை அம்மாளுக்கு. எனக்கு ஒண்டும் வேண்டாம்."

மலர் என்னையே பார்த்தாள். பிறகு, "நல்ல விஷயந்தானே" என்றாள்.

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் நல்ல விஷயம் என்றது அன்றுதான். அனுபவசாலிகள் அந்த இடத்திலேயே ஊரைவிட்டு ஓடியிருப்பார்கள். நான் மீசையை முறுக்கினேன்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பூசை. சிவப்புப் பட்டின்மேல் பதினொரு கத்தி. மலரே தன் கையால் ஒவ்வொரு உறையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, முன்னால் செவ்வந்திப் பூவும் வைத்தாள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் வடையைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கத்தியாக விளக்கினேன். ஹில்க்காவின் மரப்பட்டைப் பிடியைப் பற்றி மட்டும் அரை மணித்தியாலம். எல்லாரும் கேட்டார்கள், ஏனென்றால் வடை என் பக்கத்தில் இருந்தது. "உங்கடை மனுசன் நல்ல ரசனைக்காரன்" என்று யாரோ மலரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. அன்றைக்கு நான் படுத்தபோது கட்டில் சிம்மாசனம் மாதிரி இருந்தது.

மறுநாள் விஜயதசமி, ஞாயிறு. காலையில் பஸ் ஓட்டப் போனேன். மழையில் நனைந்து ஏறியவர்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொன்னேன். ஒரு பிரயாணி பயந்துபோய் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கும்பம் இருந்தது. செவ்வந்தி இருந்தது. சிவப்புப் பட்டு இருந்தது. கத்தி ஒன்றுகூட இல்லை.

திருடன் என்றால் தொலைக்காட்சியையும் கொண்டுபோயிருப்பான். கத்தியை மட்டும் எடுக்கிற ஆள் யார் என்று கண்டுபிடிக்க எனக்குப் பொலிஸ் தேவைப்படவில்லை. சீருடையோடு மண்டபத்துக்கு ஓடினேன்.

குசினியில் நீள மேசை. மேசையைச் சுற்றிப் பதினொரு பெண்கள். பதினொரு பெண்கள் கையிலும் பதினொரு பூக்கோ. கரட், கத்தரிக்காய், முட்டைக்கோவா, எல்லாம் சரக் சரக்கென்று விழுந்துகொண்டிருந்தன. நடுவில் மலர். அவள் கையில் மகாராணி. அவள் முன்னால் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தேசிக்காய்.

"மலர்" என்றேன்.

"வந்திட்டியளோ? சாப்பிட்டியளோ?"

"பூசையிலை வைச்சதைத் தொடக்கூடாது."

"அது நேற்று."

"அப்ப இண்டைக்கு?"

"இண்டைக்கு விஜயதசமி. பூசையிலை வைச்ச ஆயுதத்தை இண்டைக்கு எடுத்து வேலை தொடங்கோணும். பிள்ளையள் புத்தகம் எடுத்து வாசிக்கிறமாதிரி. இல்லாட்டிப் பூசை பலிக்காது."

"ஆர் சொன்னது?"

"உங்கடை ரங்கராஜன்ரை மனுசிதான்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த வேதவல்லி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஆமா அண்ணா. எங்க ஊர்ல பஸ்ஸுக்குக்கூட வாழைமரம் கட்டிப் பூஜை போடுவாங்க. மறுநாள் ஓட்டணும்ல? பூஜை போட்டாச்சு, இனிமே ஓடாதுன்னா ஜனங்க எங்க போவாங்க? நீங்களும் பஸ்தானே ஓட்டுறீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

ரங்கராஜனிடம் நான் முதல்நாள் கதையை மட்டும் கேட்டிருந்தேன். மறுநாள் கதையைக் கேட்கவில்லை. ஏழாம் மாடிவரை போனவன், இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மலர் அடுத்த தேசிக்காயை எடுத்தாள். கத்தி அதற்குள் போனதே தெரியவில்லை. இரண்டு பாதியும் தாமாகவே விலகி விழுந்தன. பளபளத்த உருக்கில் சாம்பல், நீலம், கறுப்பு என்று நிறம் படர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆறு வருஷம் மூச்சுக்காற்றுப் படாமல் வளர்த்த கத்தி. அதேநேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சு நிறையப் பெருமையும் வந்தது. அந்தக் கத்தி இப்படி வெட்டும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

சிவகாமி அக்கா ஒரு முழுப் பூசணிக்காயை நாலே வெட்டில் பிளந்துவிட்டுக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதைச் செய்தவன்ரை கைக்குத் தங்கக் காப்புப் போடோணும்."

அந்த வார்த்தையை ஒரு மனிதப் பிறவி சொல்ல நான் ஆறு வருஷம் காத்திருந்தேன். அதைக் கேட்டபோது என் கையில் கத்தி இல்லை.

அந்த நேரம் பார்த்து என் மகள் சாருகா கமராவோடு வந்தாள். பதினைந்து வயது. "அம்மா, இஞ்சை பாருங்கோ" என்று இரண்டு மூன்று படம் எடுத்தாள். வீட்டு மின்னஞ்சலுக்கு எழுத்தர் அவள்தான். ஹில்க்காவின் விலாசம் அவளுக்குத் தெரியும். அன்று இரவே தாய் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். என்ன எழுதினார்கள் என்று மூன்று கிழமைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 'அன்புள்ள ஹில்க்கா, உன் கத்தியால் இன்று இருநூறு தேசிக்காய் வெட்டினேன். ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறது. உன் பிடி என் கையை நோகச்செய்யவில்லை. மிகவும் நன்றி, தங்கச்சி.' அவ்வளவுதான். வெல்வெட்டும் இல்லை, விளக்கமும் இல்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு பார்சல் வந்தது. பின்லாந்து முத்திரை. பார்சலைக் கிழிக்கப் போனேன். ஹில்க்கா யோசித்து முடித்துவிட்டாள்.

"அப்பா, குடுங்கோ" என்றாள் சாருகா. "அம்மான்ரை பேர் போட்டிருக்கு."

உள்ளே கலைமான் கொம்புப் பிடி போட்ட கத்தி. நான் கனவில் கண்டதைவிட ஒரு விரல்கடை நீளம். கூட ஒரு கடிதம். சாருகா தமிழில் சொன்னாள்: "இந்தக் கத்தியைச் செய்து ஒரு வருஷமாச்சாம். வெட்டுற ஆள் ஒருத்தரைத் தேடிக்கொண்டு இருந்தவவாம். கறுத்த கத்தியின்ரை படத்தைத் தன்ரை பட்டறைச் சுவரிலை ஒட்டியிருக்கிறாவாம். நீங்கள் இனி என்ன கத்தி கேட்டாலும் செய்து தருவாவாம், அம்மா."

"என்னைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

சாருகா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லை."

மலர் கத்தியை உறையிலிருந்து இழுத்து, ஒரு முறை பார்த்து, இடுப்பில் சீலையோடு செருகிக்கொண்டு குசினிக்குள் போனாள். பின்லாந்தில் அதை அப்படித்தான் இடுப்பில் தொங்கவிடுவார்கள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

நானும் பின்னாலேயே போனேன். மானம் ரோசம் எல்லாவற்றையும் வரவேற்பறையிலேயே விட்டுவிட்டுக் கேட்டேன்.

"மலர், ஒருக்கால் நான் பிடிச்சுப் பார்க்கட்டோ?"

"அது வேலை செய்யிற ஆக்களுக்கு."

"நானும் செய்வன்."

"உண்மையாவோ? அப்ப உந்த வெங்காயத்தைப் பாருங்கோ."

இப்போது சமையல் இருக்கிற சனிக்கிழமைகளில் மண்டபக் குசினியில் என்னைக் காணலாம். இன்றைக்கு ஆறு கிலோ வெங்காயம் உரித்திருக்கிறேன். கத்தி இன்னும் என் கைக்கு வரவில்லை, ஏனென்றால் உரிக்கிறதுக்கு நகமே போதுமாம்.